வாய் நிறையத் தண்ணீர்

கூகைமலையின் மேலே ஒரு மடம் இருக்கிறது. அங்கே சாமி கிடையாது, சடை கிடையாது, திருநீறு கிடையாது. ஆயுத பூஜைக்கு மாலை போட ஒரே ஒரு பிரிண்டர் உண்டு. மாலை போட்ட அன்றைக்கு மட்டும் அதில் காகிதம் சிக்காது.

கையேட்டு மடம் என்று பெயர். கீழே சமவெளியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும், "இதை எப்படி ஓட்டறதுன்னு ஜனங்களுக்கு யாராவது சொல்லுங்கப்பா" என்று மலைக்கு அனுப்பிவிடுவார்கள். மடத்தார் அதற்குக் கையேடு எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கையேடு தயாரானதும், அந்த மென்பொருளைக் கனவிலும் கண்டிராத ஒருவரைக் கூட்டிவந்து, கையேட்டைக் கொடுத்து, "ஓட்டுங்க" என்பார்கள். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் வாய் நிறையத் தண்ணீரோடு நிற்க வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பக் கூடாது. "ஐயய்யோ, அது இல்லைங்க, பக்கத்துப் பொத்தான்!" என்று சொல்ல வாய் திறந்தால் தண்ணீர் கொட்டும். கொட்டினால் கையேடு தோற்றது.

தோற்றவர் தொலைபேசிக் கூடத்துக்குப் போக வேண்டும். மடத்துக் கையேடுகளைப் படித்துக் குழம்பிப்போனவர்கள் எல்லாரும் கூப்பிடுகிற இடம் அது. மணி ஓயாது. உள்ளே போனவர்களில் சிலர் தூக்கத்திலும் "வணக்கம், சொல்லுங்க" என்பார்கள்.

கோதண்டம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பாதி வாழ்க்கை நிரல் எழுதிவிட்டு, "நான் எழுதினது யாருக்குமே புரியலை, இனியாவது புரியற மாதிரி எழுதணும்" என்று மலை ஏறியவர். ஆசான் மதிவதனிக்கு முப்பத்து நாலு. அவர் இவளை "ஆசானே" என்பார். இவள் அவரை "அண்ணே" என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

கோதண்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் குரலையும் விட்டுவைக்க மாட்டார். ஒரு நாள் சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, ஆசானின் குரலில், "இன்னிக்கு எல்லாருக்கும் போண்டா" என்று சொல்லிவிட்டார். போண்டா வந்தது. முதல் போண்டாவை எடுத்துத் தின்றவள் ஆசான்தான்.

இப்போது அவருக்கு முதல் கையேடு வந்திருந்தது. மலையூர்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்குப் புது மென்பொருள், பெயர் ஊற்று. வெள்ளிக்கிழமை எல்லா பம்ப் அறைகளிலும் அது ஏறப்போகிறது. கையேடு தேறினால் எழுத்துக் கூடத்தில் கோதண்டத்துக்கு ஒரு மேசை. தேறாவிட்டால் தொலைபேசி.

எழுத உட்கார்ந்தவருக்கு முதல் வரியே வரவில்லை. எதில் எழுதுவது? அதிலேதான் மடம் மூன்றாகப் பிளந்து கிடந்தது.

ஆசான் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் எதிரே போய் நின்றார்.

"ஆசானே, கையேடு எழுத எந்தக் கருவி சிறந்தது?"

"சபேசன் என்ன சொல்றார்?"

சபேசன் லேட்டெக் கட்சி. பக்கத்தை அச்சுக்கு அழகாகக் கோத்துத் தரும் கருவி அது. கோதண்டம் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தொடையில் தாளம் போட்டார்.

"ஆஹா... இந்த எழுத்துக்கும் அந்த எழுத்துக்கும் நடுவுல ஒரு இடம் விட்டிருக்கான் பாருங்கோ... அது இடமா? மூச்சுன்னா அது! வேற எந்தக் கருவியிலயாவது இந்தச் சுகம் கிடைக்குமோ?"

ஆசான் கடலையைக் கீழே வைத்தாள். "ராஜாமணி ஐயா?"

ராஜாமணி எக்ஸ்எம்எல் கட்சி. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு குறி திறந்து, பின்னால் ஒரு குறி மூட வேண்டும். கோதண்டம் இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"திறக்கப்பட்ட குறிகள் யாவும் மூடப்பட வேண்டும். மூடப்படாத குறியுடன் வரும் கோப்புகள் எவ்வித முன்னறிவிப்புமின்றி நிராகரிக்கப்படும். வரிசையில் வரவும்."

"ஐயோ அண்ணே. டெய்சி?"

டெய்சி மார்க்டவுன் கட்சி. வெறும் எழுத்தில் அங்கங்கே ஒரு நட்சத்திரம், ஒரு கோடு போட்டால் காரியம் முடிந்தது என்பாள். கோதண்டம் வாயில் விசிலைக் கவ்வியதுபோல உதட்டைக் குவித்தார்.

"ஏறு ஏறு ஏறு! மார்க்டவுன் மார்க்டவுன் மார்க்டவுன்! ஒரு நட்சத்திரம் போட்டா சாய்வு, ரெண்டு போட்டா தடிப்பு! படியில நிக்காதீங்க, உள்ள போ, உள்ள போ!"

ஆசானுக்குப் புரையேறியது. கோதண்டம் தலையில் தட்டினார். தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"மூணு பேரும் அச்சு அசல். உங்க கையேடு எந்தக் குரல்ல பேசும் அண்ணே?"

"கையேடு எங்க ஆசானே பேசும்?"

அவள் ஒரு கை கடலையை அள்ளி அவர் கையில் கொட்டினாள். "கொறிச்சுக்கிட்டே எழுதுங்க."

கோதண்டம் போகிற வழியெல்லாம் யோசித்தார். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லையே! அப்படியானால் மூன்றும் வேண்டும் என்றல்லவா அர்த்தம்? ஆசான் ஆசான்தான்!

அதன்பின் அவர் செய்ததை மடம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. மார்க்டவுனில் எழுதி, அதை எக்ஸ்எம்எல்லாக மாற்றி, அதை லேட்டெக்கில் ஊற்றிப் பக்கமாக வார்த்தார். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது ஏதாவது ஒன்று உடைந்தது. ஒரு முறை "ணை" எல்லாம் காணாமல் போயிற்று. ஒரு முறை அடிக்குறிப்புகள் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்தன. விடுவாரா? சரி செய்தார், செய்துகொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்து, திரையில் "பிழை இல்லை" என்று வந்தபோது எழுந்து நின்று தனக்குத்தானே சலாம் போட்டுக்கொண்டார்.

கையேடு ஜொலித்தது. பக்க ஓரத்தில் குறிப்புகள். எச்சரிக்கைக்கு முக்கோணத்தோடு சிவப்புப் பெட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் "பார்க்க: 4.2.1".

"கச்சேரி!" என்றார் சபேசன்.

"ஒழுங்காக உள்ளது" என்றார் ராஜாமணி. அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் புகழ்ச்சி அது.

"ரைட் ரைட்!" என்றாள் டெய்சி.

சோதனைக்கு ஆள் வந்தது. காய்கறி ஜீப் ஓட்டும் பொன்னுரங்கம், கூடவே அவர் மனைவி சரசு. மடத்துக் கொல்லையில் ஊர்ப் பம்ப் அறைகளில் இருப்பது போலவே ஒரு பம்ப், ஒரு தொட்டி, சுவரில் ஒரு திரை. கோதண்டம் வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கன்னம் உப்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பொன்னுரங்கம் திரைக்கு முன்னால் போனார். பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புப் பிடி இருந்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார்.

கோதண்டத்தின் புருவம் உயர்ந்தது. அது என்ன பிடி?

"உசுருப்பிடிங்க" என்று பொன்னுரங்கமே யாருக்கோ சொன்னார். "எல்லா பம்ப் ரூம்லயும் இருக்குமுங்க. பம்பைக் கெளப்பி முடிக்கிற வரைக்கும் ஒரு கை இதுலயே இருக்கோணும். விட்டா எல்லாம் நின்னுபோகும். ஏ சரசு, நீ பொஸ்தகத்தப் படி."

கோதண்டம் ஊற்று மென்பொருளை மடிக்கணினியில்தான் ஓட்டிப் பார்த்திருந்தார். போலித் திரை, போலிப் பம்ப், போலித் தண்ணீர். அந்தத் திரைக்குப் பக்கத்தில் சுவரே கிடையாது. பிடி எங்கிருந்து வரும்?

சரசு உரக்கப் படித்தாள். அவர் கை ஒன்று பிடியில், மற்றொன்று திரையில். பொன்னுரங்கம் கேட்டுக் கேட்டு அழுத்தினார்.

"வடிகாலைத் திறக்கவும்."

திறந்தார். சேறும் தண்ணீருமாகக் குழாய் கொட்டியது.

"விவரத்துக்கு நாலு புள்ளி ரெண்டு புள்ளி ஒண்ணு பாக்கணுமாமுங்க. பாக்கட்டுமா?"

"அத அப்புறம் பாக்கலாம். அடுத்தது சொல்லு."

"'ஓடு' என்ற பொத்தானை அழுத்தவும்."

அழுத்தினார்.

"கீழ செவப்பா ஒரு பொட்டி இருக்குதுங்க. 'கவனம். இதற்கு முன் வடிகாலை மூடியிருக்க வே—'"

வடிகால் குழாய் யானைத் தும்பிக்கை போல ஒரு முறை எழும்பியது. பிறகு கொல்லை முழுக்க மழை. சபேசன் தலையிலிருந்து கால்வரை சேற்றில் நனைந்தார்.

"விடுங்க! பிடியை விடுங்க!" என்று கத்தினார் கோதண்டம்.

அவர் வாயிலிருந்த தண்ணீர் ராஜாமணியின் சட்டையில் இருந்தது.

அன்று பிற்பகலே அவர் தொலைபேசிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை இன்னொரு முறை முயலலாம் என்று ஆசான் சொல்லியிருந்தாள். அதற்குள் வேறு கையேடு வேண்டும். இல்லாவிட்டால் இந்த நாற்காலிதான் இனி அவருக்கு.

மணி அடித்தது. பழைய கையேட்டோடு ஒருவர் போராடிக்கொண்டிருந்தார். கோதண்டம் சொல்லிக்கொடுத்தார். மணி அடித்தது. மறுபடி சொல்லிக்கொடுத்தார். அலுப்பு தட்டியதும் வழக்கம் தலைகாட்டியது. அடுத்த அழைப்புக்கு ரயில் நிலைய அறிவிப்புப் பெண்மணியின் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இருந்தவர் பயந்து வைத்துவிட்டார்.

மறுபடி மணி.

"வணக்கம், சொல்லுங்க."

"சாமி..." என்றது ஒரு கிழவரின் குரல். நடுக்கம், இருமல், நடுவில் ஒரு வெற்றிலைக் குதப்பல். "பம்ப் ரூம்லருந்து பேசறேனுங். புதுசா பொஸ்தகம் வந்திருக்காமா? எனக்குக் கண்ணு தெரியாதுங். அதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சாமி."

"புதுசு இன்னும் வெளிய வரலைங்களே பெரியவரே."

"சாகறதுக்குள்ள ஒருக்கா கேட்டுட்டுப் போறனே."

கோதண்டத்துக்கு மனசு இளகியது. ஜொலிக்கும் கையேட்டை எடுத்துப் படித்தார். வடிகால் வந்தது. 'ஓடு' வந்தது. சிவப்புப் பெட்டி வந்தது. அதை மட்டும் குரலை உயர்த்தி, அதட்டிப் படித்தார்.

"ஏன் சாமி திட்டறீங்க?"

"திட்டலைங்க. அது செவப்புப் பெட்டி. முக்கியம்."

"செவப்பா? எனக்குக் கேக்கலையே சாமி."

கோதண்டம் சிவப்புப் பெட்டியை இன்னொரு முறை பார்த்தார்.

"அப்புறம் இன்னொண்ணு கேக்கோணுமுங்க. பெட்டி கீழயா இருக்குது? அது வர்றதுக்குள்ள நான் அமுக்கிட்டனே. இப்ப நான் நனைஞ்சாச்சுங். துண்டு இருந்தா குடுத்தனுப்புங்க."

பின்னால் எங்கோ வேர்க்கடலை உடைபடும் சத்தம் கேட்டது.

கோதண்டம் காதிலிருந்து தொலைபேசியை எடுத்து அதையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார். ஆசான் மதிவதனி இன்னொரு தொலைபேசியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆசானே! நீங்களுமா?"

"போண்டாக்குப் பதில் போண்டா, அண்ணே" என்றாள், அதே கிழவரின் குரலில்.

கோதண்டம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜொலிக்கும் கையேட்டை மேசைக்கு அடியில் வைத்தார். மடிக்கணினியில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்தார். பெட்டி இல்லை, வண்ணம் இல்லை, ஓரம் இல்லை. ஒரு வரி எழுதினார். அதை உரக்கச் சொன்னார். கண்டக்டர் குரலில் சொன்னார். ரயில் நிலையப் பெண்மணியாகச் சொன்னார். கதாகாலட்சேபம் செய்கிறவராகச் சொன்னார். மூச்சு எங்கே முட்டியதோ அங்கே வரியை ஒடித்தார். கேட்கிறவன் கை எங்கே முந்திக்கொள்ளுமோ, அதற்கு முன்னால் எச்சரிக்கையைத் தூக்கி வைத்தார்.

தொலைபேசி அடித்தபோதெல்லாம், கூப்பிட்டவர்களிடமே அந்த வரிகளைச் சொல்லிப் பார்த்தார். "என்னங்க, இன்னிக்கு உங்க கையேடு பேசற மாதிரி இருக்குது?" என்றார் ஒருவர். கோதண்டம் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை டெய்சி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, என் வண்டியில ஏறிட்டீங்க போல? வெறும் எழுத்தா இருக்கு!"

"ஏறலை. நடந்து போயிட்டிருந்தேன், உன் வண்டி அதே பக்கமா வந்துது."

அவள் தலைப்புக்கு முன்னால் வேலி போல ஒரு # குறியும், தடிப்பு வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். குறிகளை எடுத்துவிட்டாலும் வரி அதேதான், விட்டுவைத்தாலும் வரி அதேதான்.

ராஜாமணி வந்தார். சட்டை மாற்றியிருந்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"முதல் வரியில் திரையின் பூட்டைத் திறந்திருக்கிறீர்."

"ஆமாங்கய்யா."

"எங்கே மூடினீர்?"

கோதண்டம் தேடினார். மூடவே இல்லை. பம்ப் ஓடத் தொடங்கியதும் எல்லாரும் போய்விடுவார்கள். திறந்த திரை திறந்தபடியே கிடக்கும். ஆடு முட்டினாலும் பொத்தான் அழுந்தும், குழந்தை தொட்டாலும் அழுந்தும்.

"ஐயா, நீங்க தெய்வம்."

"திறந்தது மூடப்பட வேண்டும்" என்றார் ராஜாமணி. ஆனால் வெளியே போகும்போது அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

கடைசியாகச் சபேசன். கோப்பை வாங்கினார். கோதண்டம் ஒடித்த இடத்தில் ஒடித்து, கைநீட்டும் தூரத்திலிருந்தும் படிக்கும்படி பெரிய எழுத்தில், ஒரே தாளில் கோத்து அச்சடித்துக் கொண்டுவந்தார்.

"மூச்சு விட்டிருக்கீரே ஓய், ஒவ்வொரு வரிக்கும்! இதைத்தானே நான் இத்தனை நாளா தொண்டை வத்தக் கத்திண்டிருக்கேன்!"

வெள்ளிக்கிழமை காலை. இந்த முறை வந்தவர்கள் ஒரு மலையூர் தண்ணீர்க் கமிட்டித் தலைவி லூர்துமேரியும், அவர் கொழுந்தன் அந்தோணியும். மலை ஏறி வரும் வழியெல்லாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். அதை முடிக்காமலே பம்புக்கு முன்னால் நின்றார்கள்.

"நான் சொல்றத மட்டும் செய்யி. உன் மூளைய மூட்டை கட்டி வை."

"நீங்க மொதல்ல எழுத்துக்கூட்டிப் படிங்க அண்ணி."

கோதண்டம் சொம்பைத் தூக்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். சபேசன் இரண்டடி பின்வாங்கி நின்றார். ராஜாமணி நாலடி.

லூர்துமேரி தாளைப் பிடித்துப் படித்தார்.

"'திரைப் பூட்டைத் திறந்தாச்சா? இனி ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் படிக்க, ஒருத்தர் செய்ய. செய்யறவர் உசுருப்பிடியைப் பிடிச்சாச்சா? இனி விடாதீங்க.' கேட்டுதா? விடாதீங்களாம்."

"தெறந்தாச்சு, பிடிச்சாச்சு."

"'அடுத்து வடிகாலைத் திறக்கப் போறோம். சேறு கொட்டும், பயப்படாதீங்க. இப்போ வடிகால் திற.'"

அந்தோணி அழுத்தினான். சேறு கொட்டியது. அவன் பயப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் மதில்மேல் ஒரு குரங்கு இறங்கியது. லூர்துமேரியின் கையில் வெள்ளையாக எதையோ பார்த்தது. பொட்டலம் என்று நினைத்ததோ என்னவோ. ஒரே தாவலில் தாளைப் பிடுங்கிக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது.

"ஏய்! ஏய், குடுறா!"

குரங்கு தாளின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. கிழித்துக் காற்றில் விட்டது.

வடிகால் திறந்தே கிடந்தது. அந்தோணியின் ஒரு கை பிடியில். இன்னொரு கை திரைக்கு முன்னால் அந்தரத்தில். 'ஓடு' பொத்தான் அவன் விரலுக்கு நேர் எதிரே பச்சையாகச் சிரித்தது.

"இதானே அண்ணி அடுத்தது? அமுக்கட்டுமா?"

கோதண்டத்தின் கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. கன்னம் வெடிக்கப் பார்த்தது. "மூடு, மூடு" என்று அவருடைய கால் விரல்கள்கூடக் கத்தின. வாய் மட்டும் திறக்கவில்லை.

"அமுக்கிடாதடா!" என்றார் லூர்துமேரி. "இதையே மடத்துலருந்து போன்லயும் அனுப்பியிருக்காங்க, இரு."

மடியிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தார். கண்ணாடியில் சிலந்திவலை போல விரிசல். அதில் அலங்காரமாகக் காட்டுகிற ஆப் எதுவும் இல்லை. டெய்சி போட்ட குறிகள் எல்லாம் போட்டபடியே தெரிந்தன.

"வேலி மாதிரி என்னமோ இருக்குது... அது கெடக்கட்டும். ரெண்டு நட்சத்திரம்... அதுவும் கெடக்கட்டும். ஆங். 'தண்ணி தெளியட்டும். தெளியற வரைக்கும் அடுத்த வரியைப் படிக்காதீங்க.'"

படிக்கவில்லை. இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலையே பார்த்துக்கொண்டு நின்றது போலிருந்தது. சேறு நிறம் வெளுத்து, டீ நிறமாகி, கண்ணாடியாக விழுந்தது.

"'இப்போ வடிகாலை மூடுங்க. மூடியாச்சுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க.'"

"மூடியாச்சு."

"சத்தமா சொல்லு, சோறு திங்கல?"

"மூடியாச்சு அண்ணி!"

"'மூடியாச்சுன்னு கேட்டாத்தான் இது. ஓடு.'"

அழுத்தினான்.

தரைக்கடியில் ஏதோ இருமியது. குழாய் ஒரு முறை குலுங்கியது. பிறகு மேலே, தொட்டியின் விளிம்பில், தண்ணீர் தூண் போல எழும்பி விழுந்தது. அந்தோணி விசிலடித்தான். டெய்சி அதற்கு மேல் விசிலடித்தாள். சபேசன் தொடையில் தட்டிய தாளம் கூரைக் குரங்குக்கே கேட்டது.

கோதண்டம் தண்ணீரைத் துப்பக் குனிந்தார்.

"இருங்க" என்றார் லூர்துமேரி. "இன்னும் ஒரு வரி இருக்குது. 'போறதுக்கு முன்னால திரையைப் பூட்டுங்க. ஆடு, மாடு, பிள்ளைங்க எல்லாத்துக்கும் கை உண்டு.'"

அந்தோணி பூட்டினான். ராஜாமணி தலையை நிமிர்த்தி, சட்டைக் காலரை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கோதண்டத்தின் வாய் திறந்தது. அத்தனை தண்ணீரும் நீரூற்று மாதிரி ஆகாயத்துக்குப் போய், திரும்பி அவர் தலையிலேயே விழுந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றினார்கள். குரங்கும் கூரைமேல் கூடவே ஓடியது.

மாலையில் எழுத்துக் கூடத்தில் அவருக்கு மேசை போட்டிருந்தார்கள். கோதண்டம் அங்கே போகவில்லை. தொலைபேசிக் கூடத்தில் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்நேரம் எல்லா ஊர்ப் பம்ப் அறைகளிலும் ஊற்று ஓடத் தொடங்கியிருக்கும். யாராவது கூப்பிடுவார்கள்.

யாரும் கூப்பிடவில்லை.

கோதண்டம் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தது. வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார்.

வெளியே சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பேரும் வாசலில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குரங்கு பிடுங்கினது என் தாளைத்தான். அத்தனை அழகு!"

"அதனாலதான் போச்சு! நின்னு காப்பாத்தினது மார்க்டவுன், ரைட்டா?"

"பூட்டாமல் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்."

ஆசான் ஒரு சொம்பை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே மூவரும் வந்தார்கள். எல்லாரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். கோதண்டம் எழுந்து கை கட்டி நின்றார்.

"ஆசானே, அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலை. எந்தக் கருவி சிறந்தது?"

மதிவதனி சொம்பைத் தூக்கினாள். வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்ப, கண்ணில் சிரிப்போடு, அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சொம்பை அவரிடம் நீட்டினாள்.

கோதண்டம் இதுவரை போட்டுப் பார்க்காத குரல், வாயே திறக்காத அந்தக் குரல் ஒன்றுதான். சொம்பை வாங்கிக்கொண்டார்.